ஏழுகல் தோடு

அத்தியாயம் 14

தலையணை உறையைத் துவைத்துப் போட்டுவிட்டால் காதில் வடிகிற நீர் நின்றுவிடுமா என்ன? போன வாரம் அமராவதி அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். மகள் வினிதாவின் தலையணையில் இரண்டு பக்கமும் மஞ்சள் திட்டு. யார் கண்ணிலும் படக்கூடாதென்று விடிவதற்குள் உறையை உருவி, சோப்புப் போட்டு, கொடியிலும் உலர்த்திவிட்டாள்.

உறையை மாற்றலாம். காதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. வினிதாவுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை தாராபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் நித்தீஷ். நிச்சயத்தன்று அவனுடைய அம்மா செல்லாத்தாள் தன் கையாலேயே வினிதாவுக்கு ஏழுகல் தோடு போட்டுவிட்டு, “தாலி ஏர்ற வரைக்கும் இதைக் கழட்டக் கூடாது கண்ணு. எங்கூட்டு வழக்கம்” என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

முதலில் ஒரு குறையும் இல்லை. பிறகு அரிப்பு வந்தது. அரிப்புக்குப் பின்னால் சிவப்பு, வீக்கம், இப்போது நீர். அமராவதி மஞ்சளையும் விளக்கெண்ணெயையும் குழைத்துக் குழைத்துப் பூசினாள். பூசப் பூசக் காது இன்னும் வீங்கியதே தவிர அடங்கவில்லை.

இன்று காலை அமராவதியின் வீட்டுக்காரர் தண்டாயுதபாணி முதல் கல்யாணப் பத்திரிகையை முருகன் காலடியில் வைக்கப் பழனிக்குப் புறப்பட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் வினிதா வண்டிச் சாவியை எடுத்தாள்.

“டாக்டர்கிட்டப் போய்ட்டு அப்படியே கம்பெனிக்குப் போறம்மா.”

“டாக்டரு கழட்டச் சொல்லுவாங்க கண்ணு. கழட்டினா சம்பந்தியூட்டுல என்ன நினைப்பாங்க?”

“காது அழுகிப் போனா என்னம்மா நினைப்பாங்க?”

“சித்தெ பொறுத்துக்கோ. எல்லாம் திருஷ்டி. பொழுதோட சுத்திப் போடறேன்” என்றாள். மகள் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் வாசலிலேயே நின்றாள். அவள் முகத்தில் இருந்தது வெறும் கவலை மட்டும்தானா என்று வினிதா திரும்பிப் பார்த்திருந்தால் யோசித்திருப்பாள். அவள் திரும்பவில்லை.

*

ராயபுரத்துத் தோல் டாக்டரம்மா காதைப் பார்த்ததும் முதலில் திட்டினார்.

“இந்த மஞ்சளை எந்தப் புண்ணியவான் பூசினது?”

“அம்மாங்க.”

“கையெடுத்துக் கும்பிட்டேன்னு சொல்லு அவங்ககிட்ட. இனிமேல் மஞ்சளும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.”

காய்ந்த நீரோடு தோட்டின் தண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. உப்புநீரில் நனைத்த பஞ்சை வைத்து ஊறவிட்டு, மெதுவாகத் திருகைக் கழற்றினார். வினிதா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது தோடு வெளியே வந்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வலியா, மாமியார் வார்த்தையை மீறிவிட்டோமே என்ற பயமா, அவளுக்கே தெரியவில்லை.

“ஜீன்ஸ் பட்டன் படற இடத்துல, தொப்புளுக்குக் கீழே, அரிக்குமா?”

“ஆமாங்க. உள்ள துணி வச்சுத் தைச்சுத்தான் போடுவேன்.”

“வாட்ச்?”

“தோல் பட்டைதாங்க கட்டுவேன். செயின் கட்டினா ஆவாது.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். “நிக்கல் உனக்குச் சேராதும்மா. அந்த உலோகம் தோல்மேல பட்டுக்கிட்டே இருந்தா இப்படித்தான் ஆகும். உடனே தெரியாது, சில நாள் கழிச்சுத்தான் காட்டும். அது மேல வியர்வை, அழுக்கு, உங்கம்மா மஞ்சள் எல்லாம் சேர்ந்து சீழ் வைக்க ஆரம்பிச்சிருக்கு.”

“இது தங்கமுங்க. நிச்சயத்துக்குப் போட்டது.”

“தங்கம்தானா?”

வினிதா நிமிர்ந்து பார்த்தாள்.

“நல்ல தங்கம் பொதுவா இந்தப் பாடு படுத்தாது. அதான் கேட்டேன்” என்ற டாக்டரம்மா, மருந்துச் சீட்டை நீட்டினார். ஒரு களிம்பு வீக்கத்துக்கு, சில நாள் மட்டும். இன்னொன்று சீழுக்கு. காலையும் மாலையும் உப்புநீரில் கழுவி ஒற்றி எடுக்க வேண்டும். “முழுசா ஆர்ற வரைக்கும் காதுல ஒண்ணும் கூடாது. காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் மேல் காதுக்கு ஏறினாலோ அன்னிக்கே ஓடி வரணும்.”

தோடுகளைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். கம்பெனி இருக்கிற அனுப்பர்பாளையம் போகிற வழியெல்லாம் அந்த ஒரு கேள்விதான் வினிதாவின் மண்டைக்குள் ஓடியது. தங்கம்தானா?

*

வினிதாவுக்கு வேலை குழந்தைத் துணி ஏற்றுமதிக் கம்பெனியில், தரம் பார்க்கிற பிரிவில். சட்டைக்குள் உடைந்த ஊசி முனை கிடந்து வெளிநாட்டுக் குழந்தையைக் குத்திவிடக் கூடாதென்று பேக்கிங் பகுதியில் மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பார்கள். அங்கே நகைக்கு அனுமதி இல்லை. தாலியும் கழற்ற முடியாத தோடும் மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளலாம். வினிதாவும் அப்படித்தான் தினமும் காதில் டேப் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

ஒருநாள் டேப்பைப் பிய்க்கும்போது தோட்டின் திருகும் சேர்ந்து வந்து எங்கேயோ விழுந்துவிட்டது. பஞ்சும் நூலுமாகக் கிடக்கிற தரையில் அதை எங்கே போய்த் தேடுவது? அமராவதிதான் பதறிப்போய் இரண்டு தோட்டையும் வாங்கிக்கொண்டு ஆசாரியிடம் ஓடினாள். மறுநாளே புதுத் திருகோடு திரும்ப வந்துவிட்டது.

திருகுதான் மட்டமாக இருக்குமோ? அப்படித்தான் வினிதா முதலில் நினைத்தாள்.

நினைத்ததைச் சோதித்துப் பார்க்க அவளிடம் மருந்தே இருந்தது. குழந்தைச் சட்டையில் வைக்கிற பிரஸ் பட்டனில் நிக்கல் இருந்தால் வெளிநாட்டுக்காரன் மொத்த லோடையும் திருப்பி அனுப்பிவிடுவான். அதற்காகவே கம்பெனியின் சோதனை லேபில் சின்ன பாட்டில்கள் இருக்கும். பஞ்சுக் குச்சியில் சொட்டு விட்டு பட்டன்மேல் தேய்த்தால் போதும். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் பாஸ். ரோஸ் நிறமாக மாறினால் தூக்கிப் போடு.

சாப்பாட்டு வேளை. லேபில் யாரும் இல்லை. வினிதா திருகைத் தேய்த்தாள். ரோஸ்.

தண்டைத் தேய்த்தாள். ரோஸ். தோட்டின் பின்பக்கத்தைத் தேய்த்தாள். அடுத்த தோட்டையும் தேய்த்தாள். எல்லாம் அதே பாழாய்ப் போன ரோஸ்.

எத்தனை பட்டனை இப்படித் தேய்த்துக் கழித்திருப்பாள்! இன்று கழிய வேண்டியது எது? தோடா, கல்யாணமா?

பிறகு அவள் ஒன்று செய்தாள். செய்யும்போதே தப்பென்று தெரிந்தது, கைதான் நிற்கவில்லை. புதுப் பஞ்சுக் குச்சி எடுத்து, பேக்கிங் பகுதிக்குப் போகும்போது மட்டும் கழற்றி வைக்கிற, நிச்சயத்தன்று நித்தீஷ் போட்ட மோதிரத்தைத் தேய்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது.

ரோஸ் நிறப் பஞ்சைக் கையில் பிடித்து போட்டோ எடுத்து அண்ணன் வேல்குமாருக்கு அனுப்பினாள். ‘தோடு தங்கம் இல்ல போலிருக்கு அண்ணா. யார்கிட்டயும் சொல்லாதே. அப்பா வரட்டும்’ என்று கீழே அடித்தாள்.

யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று அவள் கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா? வேல்குமார் சொந்தமாகத் தையல் யூனிட் வைத்து, ஆர்டர்காரனிடமும் ஆளுங்களிடமும் நாளெல்லாம் கத்திக் கத்தியே பழகிய தொண்டைக்காரன். போட்டோவைப் பார்த்த மறு நிமிஷம் தங்கைக்குப் போன் போட்டான்.

“ஆசாரி மாத்தியிருப்பாரோ அண்ணா?”

“நம்ம ஆசாரியா? அந்த மனுசன் நம்ம தாத்தன் காலத்துலருந்து நமக்குப் பண்றவரு. அவரைச் சொன்னா நாக்கு அழுகிரும். இது தாராபுரத்துக்காரங்க வேலை. அதான் கழட்டவே கூடாதுன்னு சட்டம் போட்டிருக்காங்க. இப்பப் புரியுதா?”

“அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

அவன் வைத்துவிட்டான்.

*

அதே வேளையில் தாராபுரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? பழனியிலிருந்து திரும்புகிற வழியில் தண்டாயுதபாணி, முருகன் பிரசாதத்தைச் சம்பந்தி வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று இறங்கியிருந்தார். இறங்கியவரைச் சாப்பிடாமல் விடுவார்களா? இலை போட்டாயிற்று. செல்லாத்தாள் பொரியல் வைக்க, நித்தீஷ் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. கையில் ரசக் கிண்ணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

“ஏனுங் மாப்ள, எங்கூட்டுப் புள்ளைக்குக் கவரிங்கைப் போட்டுட்டு, கழட்டக் கூடாதுன்னு வேற சொல்லிட்டுப் போயிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்குதுங்களா? புள்ள காது அழுகிக் கெடக்குது. இந்த ஏமாத்து வேலை எங்ககிட்ட ஆவாது. போட்டோ அனுப்பறேன், நல்லாக் கண்ணைத் தொறந்து பாருங்க!”

தண்டாயுதபாணி பிசைந்த சோற்றை அப்படியே விட்டு இலையை மூடினார். அவர் வாழ்நாளில் யார் வீட்டிலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்ததில்லை.

*

பொழுது இறங்கும்போது வினிதா வீடு வந்து சேர்ந்தாள். களிம்பு பூசிய வெறுங்காதைப் பார்த்ததும் அமராவதி துடைத்துக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

“தோடு எங்க கண்ணு?”

“பையில இருக்குது. அது தங்கமே இல்லம்மா. நானே டெஸ்ட் பண்ணிட்டேன்.”

அமராவதியின் முகம் வெளிறிப்போனது. வாயைத் திறந்தாள். அதற்குள் வேல்குமாரின் புல்லட் சத்தம் வாசலில் கேட்டது.

“கேட்டுப்புட்டேன்மா! நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேட்டுப்புட்டேன். அந்தப் பக்கம் ஒரு பேச்சும் இல்ல. குத்தமுள்ள நெஞ்சுல்ல?”

“யாரைடா?”

“தாராபுரத்துக்காரங்களைத்தான்.”

“அட எடுபட்ட பயலே!” அமராவதி தலையில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “யாரைக் கேட்டுடா போன் பண்ணினே? என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?”

வினிதா அம்மாவையே பார்த்தாள். அம்மா ஏன் தாராபுரத்துக்காரர்களைத் திட்டாமல் அண்ணனைத் திட்டுகிறாள்? கேட்கலாம் என்று வாயெடுத்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

முதலில் தண்டாயுதபாணி இறங்கினார். கையில் பிரசாதப் பை அப்படியே இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் செல்லாத்தாள். நித்தீஷ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காரிலேயே இருந்துவிட்டான்.

“வாங்க சம்பந்தி” என்று அமராவதி நாற்காலியைக் காட்டினாள்.

செல்லாத்தாள் உட்காரவில்லை. தலைக்குமேல் போட்டிருந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“தம்பி வேல்குமாரு, சித்தெ இங்க வந்து என்ற காதைப் பாரு சாமி.”

வேல்குமார் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். செல்லாத்தாளின் இரண்டு காதிலும் தோடு இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி ஒடித்துச் செருகியிருந்தாள்.

“உன்ற தங்கச்சிக்கு நான் போட்டது கடையில வாங்கினது இல்ல. என்ற மாமியா எனக்குப் போட்டு உட்டது. நான் கலியாணமாகி வந்ததுலருந்து என்ற காதுல கெடந்தது. அதைத்தான் மெருகு போட்டு என்ற மருமகளுக்குப் போட்டேன். நிச்சயத்தன்னிக்கு நான் போட்டிருந்தது என்ற தங்கச்சி நஞ்சம்மாளோடது. ஊட்டுக்குப் போனதும் கழட்டிக் கொடுத்துட்டேன்.”

செல்லாத்தாள் காதிலிருந்த வேப்பங்குச்சியைத் தொட்டுக் காட்டினாள்.

“ஒரு கவரிங்கை மாட்டிக்கிட்டு இருக்கலாமுல்லன்னு நீ கேக்கலாம். எனக்குக் கவரிங் சேராது சாமி. மாட்டினா காது வீங்கித் தண்ணி வடியும். அந்தப் பாடு என்னன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு அதை ஊட்டுக்கு வரப்போற புள்ளைக்கு நான் போடுவனா?” அவள் தண்டாயுதபாணியைக் காட்டினாள். “உங்கப்பா சோத்துல கைய வச்சிருந்தாரு சாமி. அந்த நேரத்துல கேட்டியே.”

வேல்குமார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

அமராவதி எழுந்தாள். உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் கையில் மஞ்சள் துணி முடிச்சு. அதை அவிழ்த்துச் செல்லாத்தாளின் முன்னால் நீட்டினாள். உள்ளே ஏழுகல் தோடு இரண்டும் பளிச்சென்று கிடந்தன. ஒன்றில் புதுத் திருகு.

“தப்பு எம்மேலதானுங்க சம்பந்தி” என்று ஓவென்று அழுதாள். “திருகு தொலைஞ்சதும் எனக்கு ஈரக்கொலை நடுங்கிப் போச்சுங்க. இன்னிக்குத் திருகு, நாளைக்குத் தோடே போனா உங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது? அதான் நல்லதைப் பூட்டி வச்சுட்டு, அதே மாதிரி கவரிங் வாங்கிப் போட்டு உட்டேன். கலியாணத்துக்கு முந்தின நாளு மாத்திப்புடலாம்னு இருந்தேனுங்க.”

“அம்மா!” வினிதா முன்னால் வந்தாள். “காது வீங்கினப்பவாவது சொல்லியிருக்கலாமுல்ல? தினமும் நீதானே உக்காந்து மஞ்சள் பூசினே?”

“கவரிங்குனால ஆவுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது கண்ணு. ஊரு கண்ணு பட்டிருச்சுன்னு நினைச்சேன். சொன்னா நீ கழட்டிருவே, இவிங்களுக்குத் தெரிஞ்சு போயிருமேன்னு பயந்துக்கிட்டு இருந்துட்டேன்.”

அம்மாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும், அறைய வேண்டும் போலவும் இருந்தது வினிதாவுக்கு. இரண்டையும் செய்யாமல் நின்றாள். தண்டாயுதபாணி பிரசாதப் பையைப் பார்த்தபடி, “முருகா” என்று மட்டும் சொன்னார்.

செல்லாத்தாள் தோட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு வினிதாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒரு காதையும் அடுத்த காதையும் பார்த்தாள். தொடவில்லை.

“டாக்டரு என்ன சொன்னாங்க?”

“ஆர்ற வரைக்கும் ஒண்ணும் போடக் கூடாதுன்னாங்க அத்தை.”

“போடாதே. கழட்டக் கூடாதுன்னு நான் சொன்னதும் தப்புத்தான். வலிச்சாக் கழட்டிப்புடு கண்ணுன்னு சேர்த்துச் சொல்லியிருக்கோணும்.” தோட்டை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “இது என்கிட்டவே இருக்கட்டும். எனக்கு உன்ற மேல கோவமில்ல. வெளியில ஒருத்தன் உக்காந்திருக்கான். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. அவனைப் போய்ப் பாரு.”

*

வினிதா காரின் அருகே போய் நின்றாள். கண்ணாடி இறங்கியே இருந்தது. நித்தீஷ் அவளுடைய காதைப் பார்த்தான். “ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“தப்பு எங்கம்மா மேலதாங்க. தோட்டை மாத்தினது அவங்க. அண்ணன் தெரியாமப் பேசிட்டான். யார்கிட்டயும் சொல்லாதேன்னுதான் நான் அவன்கிட்ட…”

“காதுல விழுந்துச்சு. எல்லாம் கேட்டேன்.” அவன் போனை எடுத்தான். “உங்கண்ணன் பேசினது கூட எனக்கு மறந்துரும் வினிதா. இந்தப் போட்டோதான் மறக்க மாட்டேங்குது.”

திரையில் ரோஸ் நிறப் பஞ்சு. அதைப் பிடித்திருக்கிற அவளுடைய விரல்கள். மோதிர விரலில் அவன் போட்ட மோதிரம்.

“உனக்குச் சந்தேகம் வந்துச்சு. சரி, யாருக்கும் வரும். தினமும் ராத்திரி எங்கிட்டத்தானே பேசறே? எனக்கு ஒரு போன் போட்டு, என்னங்க இதுன்னு கேட்டிருக்கலாமுல்ல?”

அவள் மோதிரத்தை விரலில் சுற்றிச் சுற்றி விட்டாள்.

நித்தீஷ் போட்டோவை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“மோதிரத்தையும் தேய்ச்சுப் பார்த்தியா?”

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. லேபில் யாரும் பார்க்கவில்லை. அந்தப் பஞ்சும் குப்பைக்குப் போய்விட்டது. வீட்டுக்குள் அம்மா மறைத்து வைத்த ஒன்றுக்காக எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறார்கள். அந்த அழுகை வாசல் வரைக்கும் கேட்டது.

“பார்த்தேங்க” என்றாள் வினிதா.

நித்தீஷ் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். காரைக் கிளப்பவில்லை. கதவையும் திறக்கவில்லை.